பதினான்காம் எண் முத்திரை

அன்றைக்கு முப்பத்தாறாவது முறையாகக் கச்சை சுகந்தியின் மார்பில் சிவப்பாக எரிந்தது. கழற்றி ரிஜெக்ட் கூடையில் போட்டாள்.

காப்புக்கச்சை வந்த பிறகு மார்பைப் படமெடுக்கப் பெண்கள் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. துணிக்குள் நெய்த உணரிகள், மார்பிலும் அக்குளிலும் கடுகளவுக் கட்டி இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். நீலம் என்றால் நிம்மதி. சிவப்பு என்றால் மருத்துவர். திருப்பூரில் தைத்து முடிக்கும் ஒவ்வொரு கச்சையையும் நோயில்லாத ஒருத்தி ஒரு நிமிடம் அணிந்து பார்க்க வேண்டும். அவள் உடம்பில் சிவப்பு எரிந்தால் கச்சையில் கோளாறு. நீலம் எரிந்தால் சுகந்தி தன் பதினான்காம் எண் முத்திரையைக் குத்தி அனுப்புவாள்.

அவளுக்கு நோயில்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து மூன்று வருடமாகிறது.

"ஏனுங்கக்கா, போன வருசம் நூத்துக்கு ஒண்ணு கழிச்சீங்க. இப்பப் பாதிக்குப் பாதி போகுது. தையல் செக்‌ஷன்ல என்னை உண்டு இல்லைன்னு பண்றாங்க" என்று மேற்பார்வையாளர் பரிமளா கூடையைக் கிளறினாள்.

"தைக்கறவங்களக் கேளு. கோளாறு என் உடம்புலயா இருக்குது?"

பரிமளா சிரித்துக்கொண்டே நாலைந்தை அள்ளிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். முதலாவது நீலம். அடுத்ததும் நீலம். ஐந்தாவதைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"அக்கா... எல்லாமே நல்லாத்தான் இருக்குது."

சுகந்தியின் கை தானாக இடப்பக்கம் போனது. புளியங்கொட்டை அளவில் ஏதோ ஒன்று. வலியே இல்லை. அம்மாவுக்கும் முதலில் வலிக்கவில்லை. புண்ணாகி நாறும்வரை சேலைக்குள் மறைத்து வைத்திருந்தாள். அம்மாவை நினைத்துத்தான் சுகந்தி இந்த வேலைக்கே வந்தாள்.

அழுகை வரவில்லை. வேறொன்று மெல்ல உறைத்தது. கட்டி சிறிதாக இருந்தபோது உணரி கூர்மையான கச்சைகள் மட்டும் அதைக் கண்டுகொண்டிருக்கின்றன. வளர வளர, மற்றவையும். கண்டுகொண்டதையெல்லாம் ஒரு வருடமாக அவள் கூடையில் எறிந்திருக்கிறாள். கண் தெரியாதவற்றுக்குத்தான் முத்திரை குத்தியிருக்கிறாள்.

பொள்ளாச்சியிலிருக்கும் அக்கா வசந்தாமணிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அக்குள்ல என்னமோ நெருடுதுன்னு சொன்னியே?"

"அதுவா? கொஞ்சம் பெருசாயிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கெளம்புனேன். நீதான, கச்சை நீலம் காட்டுனா வீணா அலையாதேன்ன? பயப்படாத அம்மிணி, இன்னிக்குக் காலைலயும் நீலந்தான். போன மாசம் நீ முத்திரை போட்டுக் குடுத்ததாச்சே!"