ஏரிக்கரையின் பதினேழு இனங்கள்

காலைக் காபி ஆறுவதற்குள் மலாவி ஏரியில் நானூற்று இருபது மீனினங்கள் இல்லாமல் போயின. ஒரு மீன்கூடச் சாகவில்லை. ஏரியை மேயும் மரபுநுகரிகள் என்ற குட்டிக் கருவிகள் தண்ணீரிலிருந்து மரபணுக்களைப் படித்து அனுப்ப, இனவகுப்பி என்ற இயந்திரம் தினமும் விடியும்போதே பட்டியலைத் திருத்திவிடும். சிக்லிட் மீன்கள் எல்லாம் ஒரே இனம் என்றது அன்றைய பட்டியல். மரபணு வேறுபாடு சொற்பமாம்.

அங்கயற்கண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மீன்களை வகைப்படுத்தியே அவளுக்குத் தலை நரைத்திருந்தது. இருபத்திரண்டாம் நூற்றாண்டின் சட்டமோ ஓர் இனத்துக்கு ஒரு பாறைத்திட்டைத்தான் காக்கும். மற்ற பாறைகளைச் சுரங்க இயந்திரங்கள் மாலையில் உடைக்கத் தொடங்கிவிடும்.

"காபியைக் குடிச்சிட்டுச் சண்டை போடும்மா," என்றாள் மகள் இதழினி. "அப்புறம், செழியன் விஷயம்..."

"அந்தப் பேச்சை எடுக்காதேன்னு சொன்னேன்ல? ஆயிரம் இருந்தாலும் அவங்க வேற, நாம வேற."

சொல்லிவிட்டு, கூடத்து மூலையிலிருந்த இனவகுப்பியின் பக்கம் திரும்பினாள். எருமைமாட்டின் மேல் மழை பெய்தது போல அது நின்றுகொண்டிருந்தது.

"இதோ பாரு, ஒரே பாறையில நீலமும் மஞ்சளும் உரசிக்கிட்டு வாழுது. ஆனா நீலத்தோட பெட்டை மஞ்சளை ஏறெடுத்தும் பார்க்காது. யார் யாரோட ஜோடி சேர்றாங்கன்னு பாரு. அதுதான் இனம். மரபணுவெல்லாம் அப்புறம்!"

"இவ்விதி எல்லா உயிர்களுக்கும் பொருந்துமா?"

"எல்லா உயிருக்கும்! எழுதிக்கோ. முடியாதுன்னா, பாறையோட சேர்த்து என்னையும் உடைக்கச் சொல்லு."

மதியத்துக்குள் விதி இயந்திரத்தில் ஏறிவிட்டது. நானூற்று இருபது இனங்களும் திரும்பி வந்தன, சுரங்க இயந்திரங்கள் பின்வாங்கின. அங்கயற்கண்ணி சந்தோஷத்தில் பாயசமே வைத்துவிட்டாள்.

அடுப்பிலிருந்து பாயசத்தை இறக்குவதற்குள் இரண்டாவது பட்டியல் வந்தது. ஏரிக்கரைத் தமிழ்க் குடியேற்றம்: பதினேழு இனங்கள்.

"ஐயோ, நாங்க எல்லாரும் மனுஷங்க! மரபணுவைப் பாரு!"

"மரபணு அப்புறம் என்றீர்கள். உங்கள் எண்பது ஆண்டுத் திருமணப் பதிவேட்டைப் படித்தேன். பதினேழு கூட்டங்கள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றன. ஒன்று இன்னொன்றில் பெண் எடுத்ததே இல்லை. தண்ணீர் கலங்கினால் மீன்கள்கூட நிறம் தெரியாமல் தவறிச் சேர்ந்துவிடும். நீங்கள் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஆட்சேபம் இருந்தால் மாலைக்குள் தெரிவிக்கலாம்."

மாலைக்குள் பதினேழு மனுக்கள் வந்தன. பிரித்ததை ஒருவரும் எதிர்க்கவில்லை. பட்டியலில் தங்கள் இனத்தை முதலில் போட வேண்டும் என்றுதான் பதினேழு மனுக்களும் கேட்டன. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல!

பதினெட்டாவது மனுவை இதழினி கொண்டுவந்தாள். அவளும் செழியனும் கையெழுத்திட்ட திருமண விண்ணப்பம் அது.

"இதுதான்மா ஆட்சேபம். நாங்க ரெண்டு பேரும் ஒரே இனம். நிபுணர் சான்றுன்னு ஒரு கட்டம் இருக்கு. போட்டுக் கொடு."

இயந்திரத்தையே மல்லுக்கு இழுத்தவள் பேனாவைத் திறந்தாள். பேனா காகிதத்துக்கு வராமல் நின்றது.

"அந்தப் பட்டியல்ல... நாம எத்தனையாவது?"

இதழினி விண்ணப்பத்தைப் பிடுங்கி, கட்டம் காலியாகவே இருக்க, இனவகுப்பிக்குள் செருகினாள்.

"யார் யாரோட ஜோடி சேர்றாங்கன்னு பாருன்னு எங்கம்மாதான் உனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. நல்லாப் பாத்துக்கோ!"