எட்டு மணி காட்டிய கடிகாரம்

யாரோ இரண்டு கைகளாலும் கதவை அறைந்தார்கள். மச்சினன் துள்ளி எழுந்ததில் டீ பாதி சட்டையில், மீதி நாற்காலியில்.

"கதவு திறந்துதான் இருக்கு. தள்ளினா போதும்" என்றார் நிதானம், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். துப்பறியும் தொழிலில் ஊரார் அவருக்கு வைத்த பெயர் அது. அவருக்குக் கூடமாட உதவிய மனைவியின் தம்பிக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. பரபரப்பு என்று வைத்திருந்தால் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்.

உள்ளே வந்த பெண் உட்காரவில்லை. அவள் கையில் போன் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

"சார், எங்க அக்காவைக் காப்பாத்துங்க. டிவில டீச்சர் கதாநாயகியா வர்ற சீரியலுக்கு நான் ஒரு வெப்சைட் நடத்துறேன்..."

"அந்த ரசிகர் சைட்டா? நீங்களா?" மச்சினன் வாயைப் பிளந்தான். "தினமும் காலையில எழுந்ததும் நான்..." அத்தான் நிமிர்ந்து பார்க்கவும், "எங்க அக்கா படிப்பாங்க" என்று முடித்தான்.

"சீரியல் எடுக்குற கம்பெனிக்கும் எங்க சைட்டுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல. ஆனா எங்க அக்கா அந்த சீரியல்லதான் காஸ்ட்யூம் பாக்குறா. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டு எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணித்தான் சைட்டையே ஆரம்பிச்சேன். இன்னிக்குக் காலையில இது வந்திருச்சு."

போனை நீட்டினாள். 'டீச்சர் சாகிறாள்!' என்ற தலைப்பின் கீழே ஆஸ்பத்திரிக் கட்டில். மார்புவரை வெள்ளைப் போர்வை. கண் மூடிக் கிடந்தாள் நாடே கொண்டாடும் டீச்சர். பின்சுவரில் ஒரு கடிகாரம். எண்கள் கிடையாது, கோடுகள் மட்டும். முட்கள் எட்டு மணி காட்டின.

"நேத்து சாயங்காலமே ஷூட்டிங் முடிஞ்சு எல்லாரும் கிளம்பிட்டாங்க. எட்டு மணிக்கு செட்ல இருந்தது டீச்சரா நடிக்கிறவங்களும், துணி மடிக்கிறதுக்காக எங்க அக்காவும்தான். அப்ப படம் எடுத்தது அவதானேன்னு கம்பெனி மேனேஜர் கேக்குறாரு. மத்தியானத்துக்குள்ள ஒத்துக்கலைன்னா, இனி எந்த செட்லயும் ஊசி கோர்க்க முடியாதபடி பண்ணிடுவாராம். வீட்ல அவ சம்பாத்தியம்தான் சார்."

"டீச்சர் என்ன சொல்றாங்க?"

"அவங்க நடிக்க வேண்டியது நேத்தோட முடிஞ்சுது. இன்னிக்கு வரலை. போனும் எடுக்கலையாம்."

"உங்க சைட்ல படத்தைப் போட்டது யாரு?"

"ஜன்னல்" என்று முந்திக்கொண்டான் மச்சினன். "புனைபெயர் அத்தான். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. டீச்சர் அழுதா ஊரே கூடச் சேர்ந்து அழும். ஜன்னல் மட்டும், 'அழுகை போதவில்லை, மூக்கை உறிஞ்சினது செயற்கை'ன்னு எழுதும். மத்தவங்க எவ்வளவு மோசமா நடிச்சாலும் ஒண்ணும் சொல்லாது."

"சைட்டை ரெண்டு பேருமாத்தான் பாத்துக்கிறோம்" என்றாள் அவள். "ஆனா ஜன்னலை நான் பார்த்ததில்ல, குரல்கூடக் கேட்டதில்ல. எல்லாம் எழுத்துலதான். படம் ஏதுன்னு கேட்டேன், சொல்ல முடியாதுன்னுட்டாங்க. எனக்கு அங்க ஒரு அக்கா இருக்கிறது அவங்களுக்குத் தெரியாது."

அவள் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். மச்சினன் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தான். நடுவில் இருவரும் முட்டிக்கொள்ளாதது அதிசயம். நிதானம் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, தினமும் படிக்கிறியே, இதுல என்ன கோளாறு?"

மச்சினன் எட்டிப் பார்த்தான். "அத்தான்! அந்தக் கடிகாரம் எட்டு மணி காட்டவே காட்டாதே! அது நாலு மணியிலயே நின்னு போச்சு. பிரசவமோ, விபத்தோ, அந்த ஆஸ்பத்திரியில எப்பவும் நாலு மணிதான். எங்க கிண்டலே அதை வச்சுத்தான்."

"உங்க அக்கா படிக்கிறதா சொன்னியே."

மச்சினன் சட்டையில் இருந்த டீக்கறையைத் துடைக்க ஆரம்பித்தான்.

"மேனேஜர் புதுசு சார்" என்றாள் அவள் வேகமாக. "ஒரு பகுதிகூடப் பார்த்திருக்க மாட்டாரு."

நிதானம் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, நாலு மணிக்குத் திருப்பி, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிமுன் பிடித்தார். கண்ணாடிக்குள் மணி எட்டு.

"அப்ப கண்ணாடியில தெரிஞ்சதைப் படம் பிடிச்சிருக்காங்க!"

"அந்த அறையில கண்ணாடி இருக்கா?"

"கிடையாது" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"அப்ப இடவலம் மாத்துறது இன்னொண்ணு. நம்மை நாமே எடுத்துக்கிற முன்பக்கக் கேமரா. சில போன்ல படம் கண்ணாடியில தெரியுற மாதிரியே பதிவாயிடும். இப்ப சொல்லுங்க, போர்வைமேல எத்தனை கை?"

அவள் போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். "ஒண்ணு..."

"இன்னொரு கையில போன். கடிகாரம் செத்த கடிகாரம், அதனால எட்டு மணிக் கணக்கே செல்லாது. பகல்ல விளக்கு மாத்துற இடைவேளையில எடுத்திருப்பாங்க. உங்க அக்காவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"டீச்சரேவா? எதுக்கு சார்?"

"உங்க போன் ஏம்மா இப்படித் துடிக்குது?"

"ரசிகருங்க. டீச்சரைக் கொல்லாதீங்கன்னு ஆயிரக்கணக்குல..." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"கதையில தன்னைக் கொல்லப்போறாங்கன்னு தெரிஞ்சா யாரும் கத்தத்தானே செய்வாங்க. டீச்சர் தனக்காக ஊரையே கத்த வச்சிருக்காங்க."

"இருக்கட்டும் அத்தான். அதைப் போயும் போயும் ஜன்னலுக்கு ஏன் அனுப்பணும்? டீச்சரைக் கண்டாலே அதுக்கு ஆகாதே!"

நிதானம் பேப்பரை மடித்து வைத்தார். "எல்லாரையும் விட்டுட்டு ஒருத்தரோட குறையை மட்டும் இவ்வளவு கறாரா யாரு பார்ப்பாங்க, மாப்ளே?"

மச்சினனுக்குத் திறந்த வாய் மூடவில்லை.

"ஜன்னலுக்கு எழுதுங்கம்மா. உங்க அக்கா யாரு, மத்தியானம் என்ன ஆகப்போகுதுன்னு மட்டும். கூடவே உங்க நம்பரும்."

அவள் விரல்கள் தப்புத் தப்பாக எழுதி, அழித்து, மறுபடி எழுதின. அனுப்பினாள். மூவரும் போனையே பார்த்தார்கள். தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்ததற்கு மச்சினன் இன்னொரு முறை துள்ளினான்.

போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு நீண்ட மூச்சு. பிறகு, மச்சினன் மாலைதோறும் டிவிமுன் தலையணையைக் கட்டிக்கொண்டு கேட்கும் அதே குரல்:

"மேனேஜர்கிட்ட நானே பேசுறேன்மா, உங்க அக்காவை அழவேண்டாம்னு சொல்லு... அங்க செத்துக் கிடக்குறதும் நான்தான், படம் எடுத்ததும் நான்தான்."