போர்வைக்குள் ஒரு விரிசல்

ஹட்டனில் ஜிப்ரியா தன் ஹார்ட்வெயார் கடையைத் திறக்கும்போதே லோஜினி முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினாள். வட்டவளையில் கட்டும் பாலத்துக்கு அவள்தான் மேற்பார்வையாளர். முந்தாநாள் அடித்தளத்துக்கு ஆறடி கனத்தில் கொங்கிரீட் போட்டிருந்தார்கள். இன்று விடியும்போது அதன் ஆற்றோர மூலை வெடித்து விரிசல் விட்டிருந்தது. பத்து மணிக்கு இன்ஜினியர் வருகிறார். காரணம் சொல்லாவிட்டால் வேலை போய்விடும். சாக்கு, சீமெந்து எல்லாம் தெரிந்த ஜிப்ரியா வந்து ஒருமுறை பார்த்தால் தேவலை என்றாள்.

ஜிப்ரியா கடையை மூடிவிட்டு வண்டியில் ஏற, அவள் தங்கை ரினோஸாவும் யாரும் கூப்பிடாமலே ஏறிக்கொண்டாள்.

வழியில் லோஜினி விளக்கினாள். கனத்த கொங்கிரீட் இறுகும்போது உள்ளே தானாகவே சூடேறும். மேற்புறம் மட்டும் சட்டென்று குளிர்ந்தால் வெடிக்கும். அதனால்தான் ஜிப்ரியாவிடம் வாங்கிய சாக்குகளைப் பரப்பி, மேலே பொலித்தீன் விரித்து மூடச் சொன்னாள். "காய்ச்சக்காரனுக்குக் கம்பளி போத்துறா நம்ம லோஜினி" என்று ஃபோர்மன் பிரதாப் எல்லோரையும் சிரிக்க வைத்திருந்தான். பதினாலு வருடம் வேலை பார்த்தவன். அவள் வந்தது போன வருடம்.

அவர்கள் போய் இறங்கியதும், காவலாளி செல்லசாமி விடியக்காலை ஐந்து மணிக்குப் பொலித்தீனைத் தூக்கி, மலையிலிருந்து பீலியில் வழியும் குளிர்ந்த தண்ணீரை வாளி வாளியாக ஊற்றியதைத் தான் பார்த்ததாகப் பிரதாப் சொன்னான். செல்லசாமி இல்லவே இல்லை என்றார்.

"இவர்தான், ராத்தா. புதுக் கொங்கிரீட்டுக்குத் தண்ணி ஊத்துறது எல்லாருக்கும் பழக்கந்தானே" என்று ரினோஸா அக்காவின் காதில் கிசுகிசுத்தாள்.

ஜிப்ரியா நான்கு மூலைகளிலும் பொலித்தீனுக்குள் கைவிட்டுப் பார்த்தாள். மூன்றில் சாக்குகள் கொங்கிரீட்டின் வியர்வையில் ஊறி, வெதுவெதுப்பாக இருந்தன. வெடித்த மூலையில் சாக்கு காய்ந்திருந்தது. தட்டியபோது சீமெந்துத் தூள் பறந்தது.

"தண்ணி ஊத்தியிருந்தா இந்தச் சாக்குதானே தம்பி ரொம்ப நனைஞ்சிருக்கணும்?"

"காஞ்சிருக்கும்" என்றான் பிரதாப்.

"இந்தப் பனியிலயா? இது ராத்திரி இங்க இருந்த சாக்கே இல்ல. சீமெந்து ஸ்டோர்ல இருந்து விடியக்காலைதான் வந்திருக்கு. எடுத்து வீசின பழசு சேறாகியிருக்கும், திரும்பப் போட முடியாது. ஸ்டோர் சாவி யார்கிட்ட?"

சாவி பிரதாப்பின் இடுப்பில் தொங்கியது.

ரினோஸா அதற்குள் ஆற்றங்கரைக்கு ஓடியிருந்தாள். ஆளுயர மானாப்புல்லுக்குள்ளிருந்து சேறு சொட்டும் மூன்று சாக்குகளை இழுத்து வந்து போட்டாள்.



"மூடாட்டியும் ஒண்ணும் ஆகாதுன்னு காட்டத்தான் ராத்திரி அந்த மூலையத் தெறந்து வச்சேன்" என்றான் பிரதாப். "வெடிக்கும்னு நெனைக்கல. பயந்துதான் இவர் மேல பழியப் போட்டேன். இவ வந்த நாள்ல இருந்து எல்லாத்துக்கும் லோஜினியைக் கேளு, லோஜினியைக் கேளுன்னாங்க. என்னைய ஒருத்தரும் கேக்கல."

லோஜினி கொங்கிரீட்டுக்குள் செருகியிருந்த வெப்பமானியைப் பார்த்தாள். உள்ளே அறுபது பாகை.

"நான் கேட்டிருக்கணும்ண்ணே" என்றாள். "இப்ப அந்த மூலைய நல்லா மூடுங்க. உள்ளுக்கு இன்னும் சூடு அடங்கல."

அவன் குனிந்து, சாக்குகளை இடைவெளி இல்லாமல் பரப்பி, பொலித்தீனை இழுத்துக் கல் வைத்தான். மேலே பாதையில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இடுப்புச் சாவியை அவிழ்த்து செல்லசாமியின் கையில் வைத்துவிட்டு, இன்ஜினியரை நோக்கி அவனே முதலில் நடந்தான்.