பத்து நிமிஷத்தில் காய்ந்த விரிப்பு

மூன்று நாளாக அந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரி அடுப்பாய்க் கொதித்தது. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி தம்பியின் கட்டிலோரம் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் கிடந்த தம்பிக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. அழக்கூடத் தெம்பில்லை அவனுக்கு.

மொட்டைமாடியில் கறுப்புக் குழாய்கள் வரிசையாக இருந்தன. அவற்றுக்குள் ஓடும் தண்ணீரை வெயில் சுட வைக்கும். அந்தச் சூட்டைக்கொண்டே கீழே இருக்கும் இயந்திரம் அறைகளைக் குளிர்விக்கும். வெயிலை வைத்தே வெயிலை விரட்டுகிற வித்தை! அதை மாட்டியவள் சிறுமியின் அம்மாதான். ஆனால் மூன்று நாளாக இயந்திரம் கம்மென்று கிடந்தது.

“எல்லாத்தையும் கழட்டிப் பார்த்துட்டேன்டி. தண்ணி சூடாகவே மாட்டேங்குது,” என்று கட்டிலருகே வந்த அம்மா ஸ்பேனரைக் கீழே போட்டாள். “நாலு மணிக்குள்ள ஓடலைன்னா பெரிய டாக்டர் பிரிச்சு எடுக்கச் சொல்லிட்டார். என்னால முடியலடி.”

அம்மா அழுதுகொண்டே இயந்திர அறைக்குப் போனாள். அம்மா அழுது இவள் பார்த்ததே இல்லை.

அப்போது சலவை அக்கா வந்து தம்பியின் விரிப்பை மாற்றினாள்.

“இப்பதானே துவைக்க எடுத்துட்டுப் போனீங்க? அதுக்குள்ள காஞ்சிடுச்சா?”

“பத்தே நிமிஷம் பாப்பா! உங்கம்மா புண்ணியவதி. மாடியில எனக்குன்னே கறுப்புக் கொடி கட்டிக் குடுத்திருக்காங்களே! மூணு நாளா அதுலதான் காயப்போடறேன்.”

சிறுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அம்மா மேல வரும்போது துணியைப் பார்க்கலையா?”

“அவங்க வேலைக்கு இடைஞ்சலா இருக்கக்கூடாதுன்னு முன்னாடியே ஓடிப்போய் எடுத்துடுவேன்ல!”

“அக்கா... அது துணிக்கொடி இல்ல.”

சிறுமி மெதுவாக விளக்கினாள். அக்காவின் முகம் வெளிறியது. “ஐயோ! பிள்ளைங்களை வேக வெச்சது நானா? என் வேலை போச்சு!”

“முதல்ல வாங்க, மணி ரெண்டு!”

மாடியில் கால் பொசுங்கப் பொசுங்க இருவரும் பதினாறு விரிப்புகளையும் போர்வைகளையும் உருவினார்கள். நிழல் பக்கச் சுவரில் கயிறு கட்டிக் காயப்போட்டார்கள்.

மூன்று மணி. ஒன்றும் நடக்கவில்லை. நான்காகப் பத்து நிமிடம். பெரிய டாக்டர் அம்மாவோடு கட்டிலருகே வந்து கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாம் முடிந்தது என்று சிறுமி கண்ணை இறுக்க மூடினாள்.

உர்ர்ர்...

தம்பியின் நெற்றி முடி லேசாக அசைந்தது. காற்று! குளிர்ந்த காற்று!

“என்னதான் கோளாறு?” என்றார் டாக்டர்.

அக்கா கதவோரம் ஒதுங்கினாள். சிறுமி சட்டென்று, “குழாய் மேல வெயில் படலை சார். இனிமே படும்,” என்றாள்.

கொஞ்ச நேரத்தில் தம்பி சுருண்டு படுத்தான். “குளுருது. போர்வை குடுங்க!”

சலவை அக்கா கையைப் பிசைந்தாள். “அது இன்னும் காயலையே, ராசா!”