சொல்லின் வால்

கிட்ட வந்து உட்காருங்க, மக்கா. கதவோரம் நிற்கிறவங்களும் உள்ளே வாங்க. ஓடத் தெரிந்த கண்ணுக்கு நிற்கத் தெரியாமல் போன ஒரு ஊரின் கதை சொல்கிறேன்.

புதுக்கொற்கை கடல்மேல் மிதக்கும் நகரம். அங்கே காகிதப் புத்தகம் கிடையாது. நூலகம் முழுவதும் வீட்டுக்கு வீடு ஒரு கண்ணாடிப் பலகையில் இருந்தது. பலகையின் விளிம்பில் கடுகளவு ஒரு கருவி, பெயர் விழியளவி. வாசிக்கிறவர் கண் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். தடங்கலில்லாமல் ஓடினால் மேல்படி. ஒரு தடவை நின்றாலோ, வரியைத் திரும்பிப் பார்த்தாலோ கடகடவென்று கீழ்ப்படி. மொத்தம் பன்னிரண்டு படிகள். உங்கள் படிக்கு மேலான புத்தகம் தேடினாலும் வராது. பூட்டியிருக்கிறது என்றுகூடச் சொல்லாது. அப்படியொரு புத்தகமே உலகத்தில் இல்லாத மாதிரி இருக்கும்.

பிரகாசி மூன்றாம் படி. மீன் தரம் பிரிக்கும் வேலை அவளுக்கு. மீனோ வரியோ, இரண்டு தடவை பார்க்காமல் விடமாட்டாள்.

அவள் மகள் ஜெர்மிலாவுக்கு வலிப்பு. மறுநாள் காலை தலைக்குள் நரம்புத்தகடு என்ற சில்லு வைக்க ஏற்பாடு. தாய் சம்மதிக்கவேண்டும். ஆனால் போன வருஷம்தான் பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் வந்து போயிருந்தது.

"அதனால ஒண்ணுமில்லியே, டாக்டர்?"

"புத்தகத்துலயே உகந்ததுன்னு இருக்கும்மா," என்றார் டாக்டர் இளவழுதி. பன்னிரண்டாம் படிக்காரர். நல்ல மனுஷர்தான்.

பிரகாசிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த வரியைத் தன் கண்ணால் பார்த்தால்தான் ஆறும். அடுப்புக்கும் பலகைக்குமாக நடந்தாள். நரம்புத்தகடு என்று தேடினாள். 'நம் மூளை: வண்ணப் படங்களுடன்' என்று வந்தது. மறுபடி தேடினாள். அதே புத்தகம். அட்டையில் ஒரு யானை சிரித்துக்கொண்டிருந்தது.

நாத்தனார் மரியபுஷ்பம் பின்னால் நின்று பார்த்தாள். "மைனி, வரிக்கு வரி நங்கூரம் போட்டா எப்படி? எங்க வீட்டு ஆளு பத்தாம் படி. பஸ் சன்னல்ல மரம் ஓடுறதைப் பாக்குற மாதிரி பாப்பாரு. ஒரு எழுத்து மண்டையில ஏறாது."

"புரியாம எப்படி புஷ்பம் வாசிக்க?"

"புரியுதான்னு அது கேக்கவே இல்லியே, மைனி!"

அன்று மதியம் முழுக்கப் பிரகாசி கண்ணை ஓட்டினாள். சமையல், சட்டம், வானியல், எது வந்தாலும் நிற்கவில்லை. தலை சுற்றியது. படி ஏறியது. பொழுது சாயும்போது பன்னிரண்டாம் படி! டாக்டர் சொன்ன அந்தப் பெரிய புத்தகம் திறந்தது. மூளைக்காய்ச்சல் என்ற சொல்லைக் கண்டதும் கண் நின்றுவிட்டது. பக்கம் வெளுத்தது. யானை வந்து சிரித்தது.

பிரகாசி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பலகையே வாசித்துக் காட்டும் வசதி மூன்றாம் படியோடு சரி. மேல்படிக்காரர்களுக்கு அது மரியாதைக் குறைவாம்.

"எந்திரிங்க மைனி," என்றாள் புஷ்பம். "திரும்ப ஏறுங்க. கண்ணு ஓடட்டும், கூடவே வாயும் ஓடட்டும். நிக்க வேண்டிய இடத்துல நான் நிக்கேன்."

பிரகாசி மறுபடி ஏறினாள். ஜெபமாலை சொல்லுவதுபோல வாய் ஓடியது. புஷ்பம் கண்ணை மூடிக் கேட்டாள். "...மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்கு நரம்புத்தகடு உகந்ததன்று, மாற்று மருந்தாக..."

"இருங்க! உகந்தது... அன்றா? என்னைக்கு?"

"என்னைக்குமில்ல, புஷ்பம்," என்றாள் பிரகாசி. "உகந்தது இல்லேன்னு அர்த்தம்."

நம் மொழியில் 'இல்லை' சொல்லின் வாலில் வந்து உட்காரும், மக்கா. ஓடுகிற கண் தலையைப் பார்த்துவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவிவிடும்.

இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் தன் பலகையைத் திறந்தார். "இதோ பாருங்க, உகந்தது..." கண் அதற்குள் அடுத்த வரியில் இருந்தது.

"நில்லுங்க, டாக்டர்."

"நின்னா படி இறங்கிடும்மா. அப்புறம் இந்தப் பலகை எனக்கு ஒண்ணும் காட்டாது."

"எம் புள்ள அந்தச் சொல்லோட வாலுல தொங்குறா, டாக்டர்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அந்தச் சொல்லைப் பார்த்தார். நின்று பார்த்தார். பக்கம் வெளுத்துப்போனது.

"இதுவரைக்கும் எத்தனை பிள்ளைங்களுக்கு..." என்று தொடங்கி, முடிக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

ஜெர்மிலாவுக்குத் தகடு வைக்கவில்லை. மறுநாள் மாற்று மருந்தைத் தேடிய டாக்டருக்கு யானைதான் வந்தது. கூட வேலை பார்க்கிற டாக்டர்களிடம் ஓடினார். அவர்கள் கண்ணை ஓட்டிப் பார்த்து, "உகந்ததுன்னுதானே சார் இருக்கு?" என்றார்கள். ஒரே ஒருத்தர் மட்டும் சந்தேகப்பட்டு நின்று பார்த்தார். அவருக்கும் யானை வந்தது.

இப்போது மாலையானால் பிரகாசி வீட்டில் அவள் கண்ணும் வாயும் ஓட, இரண்டு டாக்டர்களும் புஷ்பமும் கண்ணை மூடிக் கேட்கிறார்கள். பிள்ளைக்கான மருந்தைக் காதால் தேடுகிறார்கள். நடுவில் யாராவது கையைத் தூக்கினால் பிரகாசி மூச்சு விடாமல் இன்னொரு தடவை முதலிலிருந்து ஓடுகிறாள். விழியளவி அவளை ஊரின் தலைசிறந்த வாசகி என்று அறிவித்திருக்கிறது.

உங்க வீட்டில் அடுப்பு அணையாம, பிள்ளைங்க நோய்நொடி இல்லாம இருக்கட்டும், மக்கா. ஒரு சொல்லில் நீங்க நிற்கும்போது, கூட நிற்க ஒரு ஆளும் அந்த வீட்டில் இருக்கட்டும்.