ஒரு சாண் தண்ணீர்

மழை பெய்து வெகுநாளாகியிருந்தது. கொல்லைப்புறத்துச் செடிகள் தலையைத் தொங்கப்போட்டிருந்தன. துணி காயப்போடும் கம்பியைத் தொட்டால் கை சுட்டது. அப்படியிருக்க, சுவரோரம் தகரக் கூரைக்குக் கீழே கிடந்த நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நின்றது.

பல்லுக்காரி வாளியை இடுப்பில் இடுக்கியபடி அப்படியே நின்றுவிட்டாள். அவள் பெயர் அதுவல்ல. பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுப்பவள் என்பதால் தெரு அப்படிக் கூப்பிட்டது, அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். வீட்டில் அவள் ஒருத்திதான். அந்த மூலைக்குக் குழாய் எட்டாது. தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற யாரும் இல்லை.

குனிந்து பார்த்தாள். கலங்கலே இல்லாத தண்ணீர். அடியில், கறுப்பு மை சிந்தினாற்போல, சின்னச் சின்ன வால்கள் நெளிந்தன. தலைப்பிரட்டைகள்.

வேறு தொட்டியாக இருந்தால் சிரித்திருப்பாள். இது தங்கையின் தொட்டி. தங்கையின் கணவன் ஊருக்கெல்லாம் நீச்சல் சொல்லிக்கொடுப்பவன். அவன் வீட்டுக் குளியலறையில், துணி ஊறவைக்கும் இந்தத் தொட்டியில், ஒரு சாண் தண்ணீரில் முகம் புதைந்து அவன் மனைவி செத்துக் கிடந்தாள். வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான். போலீஸும் அதையே எழுதிக்கொண்டு போனது. அழுகை ஓயுமுன்னே அவளுடைய துணிமணிகளைத் தொட்டியில் அள்ளிப்போட்டு வண்டியில் ஏற்றி அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டான். துணிகளை மடித்து பீரோவில் வைத்தாள் பல்லுக்காரி. தொட்டியை உடைக்கவும் மனம் வரவில்லை, உள்ளே வைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

கவிழ்த்துவிடலாம் என்று விளிம்பைப் பிடித்தாள். நெளிந்துகொண்டிருந்தவை எல்லாம் சட்டென்று நின்றன. நின்று, ஒரே வீச்சில் திரும்பி, தலையை அவள் பக்கம் வைத்துக்கொண்டன.

கையை எடுத்துவிட்டாள். பாவம், வாயில்லா ஜீவன்கள் என்று சொல்லிக்கொண்டாள்.

பிற்பகலில் பல் டாக்டரம்மா போன் செய்தார். “அந்தப் பெரியவரோட செட்டு கடிக்கிறப்ப ஒரு பக்கம் தூக்குதாம். கொஞ்சம் பாரேன்மா.”

“அனுப்புங்க டாக்டர், பாத்துடறேன்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “தலைப்பிரட்டை என்ன திங்கும், தெரியுமா?” என்று கேட்டாள்.

“ஏன், கொசுக்கடி பத்தலைன்னு தவளை வேற வளக்கப் போறியா?” டாக்டரம்மா சிரித்தார். “கீரைய வேகவச்சு ஆறவச்சுப் போடு. பாவப்பட்டு பல்லு செட்டு செஞ்சு மாட்டிடாத.”

கீரையை அவை தொடவில்லை. அது தண்ணீரில் பழுத்துக் கரைந்து, நாற்றமெடுத்தது. அள்ளி வெளியே போட்டாள். ஆனாலும் அவை பிழைத்துக் கிடந்தன. மாலையில் வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது பழக்கமாயிற்று. பேச ஆளில்லாத வீடு. முதலில் சும்மா ஏதோ பேசினாள், பொழப்பு, வெயில் என்று. பிறகு பேச்சு தானாகத் தங்கையின் கணவனிடம் போனது. அவன் கையை நீட்டி நீட்டிப் பேசுவது, அவன் போடும் வாசனைத் தண்ணி, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி போனை எடுத்து எடுத்துப் பார்த்தது. “நல்லா இருப்பானா? நாசமாத்தான் போவான். அவ மூச்சு முட்டுன மாதிரி அவனுக்கும் முட்டணும்,” என்றாள் ஒருநாள், பல்லைக் கடித்துக்கொண்டு. தொட்டிக்குள் சலசலப்பு அடங்கியது. அத்தனையும் அவளிருந்த பக்கத்துச் சுவரில் வந்து அப்பிக்கொண்டு, காது கொடுப்பதுபோல் அசையாமல் கிடந்தன.

மறுநாள் காலையில் அவை தடித்திருந்தன.

அவனைப் பற்றிப் பேசிய நாட்களில் வளர்ந்தன. வேலை மிகுந்து அவள் வராத நாட்களில் அப்படியே இருந்தன. இதைக் கண்டுகொண்டபோது அவளுக்கு முதுகு சில்லிட்டது. கூடவே, வெளியே சொல்ல முடியாத ஒரு சந்தோஷமும் வந்தது. அதற்குப் பிறகு ஒருநாளும் தவறவிடவில்லை.

வேலை அறையில் எப்போதும் மெழுகு உருகும் வாசம் இருக்கும். அலமாரி முழுக்க வெள்ளைப் பிளாஸ்டர் தாடைகள், மேல்தாடை கீழ்த்தாடையாக, ஊரே வாயைத் திறந்து காத்திருப்பதுபோல. ஈறு செய்வதற்கான இளஞ்சிவப்பு மெழுகைச் செதுக்கும்போது தூள் முந்தானை முழுக்க ஒட்டிக்கொள்ளும். ஒரு மாலை அதைத் தட்டிவிடாமலே வந்து உட்கார்ந்துவிட்டாள். குனிந்தபோது தூள் தண்ணீரில் உதிர்ந்தது. கீரையை முகர்ந்தும் பார்க்காதவை பாய்ந்து வந்தன. தண்ணீர் கொதிப்பதுபோல் துள்ளியது. ஒரு துணுக்கு மிச்சமில்லை.

அதிலிருந்து மெழுகு போட்டாள். பின்னங்கால் முளைத்தது. முன்னங்கால் தோளைக் கிழித்துக்கொண்டு வந்தது. வால் சுருங்கியது. அவற்றுள் ஒன்றை உள்ளங்கையில் ஏந்தித் தூக்கியபோது அது நழுவிக் குதிக்கவில்லை. குளிர்ந்த சின்ன விரல்களால் அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தது.

உள்ளே இளஞ்சிவப்பாக ஈறு இருந்தது. ஈறில் ஏதோ வெள்ளை வெள்ளையாக இருந்தது.

வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து பார்த்தாள். பற்கள். மனிதப் பற்கள், கடுகை நறுக்கினாற்போல. மேல்வரிசை நடுவில் ஒரு பல் மட்டும் மற்றவற்றைவிட ஒரு மாற்று வெளுப்பு. அந்தப் பல்லை அவளுக்குத் தெரியும். அது அவள் கையால் செய்தது.

தங்கை உதட்டைத் துணியால் பொத்திக்கொண்டு வந்து நின்ற அன்று செய்தது. “படியில விழுந்துட்டேன்கா,” என்றாள் தங்கை. படியில் விழுந்தவளுக்குக் கழுத்தில் எப்படி விரல் தடம் என்று அக்கா கேட்கவில்லை. பல்லைச் செய்தாள், நிறம் சேர்த்தாள், டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய் வைக்கச் செய்தாள். இங்கேயே இருந்துவிடட்டுமா என்று தங்கை மெல்லக் கேட்டபோது, “கொஞ்சம் பொறுத்துப் போடி. குழந்தை இருக்குல்ல,” என்று சொல்லி, தானே பஸ் ஏற்றிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து தங்கை சிரித்துக் காட்டினாள், புதுப்பல் தெரிய.

தொட்டிக்கு முன்னால் இத்தனை நாள் இத்தனை பேசினாள். இதை மட்டும் பேசவில்லை.

இன்னொன்றின் வாயைத் திறந்து பார்த்தாள். அதே பல். இன்னொன்று. அதே பல். எல்லாவற்றின் கண்களும் அவள்மேல் இருந்தன, பொன் விளிம்பிட்ட சின்னக் கண்கள், பாதியில் நின்ற பேச்சின் மீதிக்குக் காத்திருப்பவர்களைப்போல. அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

அன்றைக்குத்தான் அவன் போன் செய்தான்.

“அக்கா, நல்லா இருக்கீங்களா? நாளைக்கு பாப்பாவ கூட்டிட்டு வர்றேன். உங்ககிட்டயே இருக்கட்டும்.” கொஞ்சம் இருமினான். “எனக்கு வேற இடத்துல பேசி முடிச்சிருக்கு. அவங்களுக்கு... பாப்பா இருந்தா தோதுப்படாதாம்.”

“கொண்டு வாங்க தம்பி,” என்றாள். குரல் நடுங்கவில்லை. போனை வைத்தாள். அவன் வரட்டும். எத்தனை நாள் ஆசை. ஆனால் குழந்தையோடா? இந்தக் கொல்லைக்கா?

விடிந்ததும் தொட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். அவை சத்தமில்லாமல் சரிந்து விழுந்தன. தொட்டியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் குப்புறப் போட்டாள். சமையலறைக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

தொட்டி நிமிர்ந்திருந்தது. பழைய இடத்தில். கூரைக்குக் கீழே. ஒரு சாண் தண்ணீர். விளிம்பைச் சுற்றி, தோளோடு தோள் ஒட்டி, தவளைகள். வால் ஒன்றுக்கும் இல்லை.

போனை எடுத்து வரவேண்டாம் என்று சொல்லலாம். எடுத்தாள். எண்ணை அழுத்தினாள். வாசலில் அவன் போனின் மணியோசை கேட்டது.

அவன் மெலிந்திருக்கவில்லை. அதே வாசனைத் தண்ணி. கையில் குழந்தையின் பை. “பெரியம்மா,” என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்ட குழந்தையை வாரித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எண்ணெய் காணாத முடி, சிக்குப் பிடித்துத் தோளில் கிடந்தது.

“உள்ள உக்காருங்க தம்பி. பின்னாடி போகாதீங்க. அங்க... பாசி. வழுக்கும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவன் முகம் ஒரு கணம் கல்லாயிற்று. பிறகு சிரித்தான்.

“ஒரு சிகரெட் புடிச்சிட்டு வந்துடறேன்கா. பாப்பா முன்னாடி வேணாம்.” அவளைத் தாண்டிக் கொல்லைக்கதவைத் திறந்துகொண்டு போனான்.

அதற்குள் வானம் மூடிக்கொண்டிருந்தது. விடிந்த பிறகும், அவள் நின்ற சமையலறைக் கதவோரம் வெளிச்சம் சாம்பலாக இருந்தது. தீக்குச்சி உரசும் சத்தம். ஈர மண்வாசம் ஒன்று கதவு வழியாக உள்ளே நுழைந்து, தரையோடு தரையாக ஊர்ந்து வந்து, அவள் கணுக்காலைத் தொட்டது.

பிறகு அந்தச் சத்தம். இதுவரை குரல் எழுப்பாதவை.

“ஏங்க.”

ஒரே ஒரு தவளைதான். தொண்டையை உப்பி, அடங்கி, மெல்ல.

“ம்?” என்றான் அவன். பக்கத்து அறையிலிருந்து மனைவி கூப்பிட்டால் யோசிக்காமல் ஒரு கணவன் சொல்வானே, அப்படி.

சிகரெட் கீழே விழுந்தது.

“ஏங்க. ஏங்க. ஏங்க.” இப்போது எல்லாம். தங்கையின் குரல். கெஞ்சும்போது கடைசி எழுத்தை இழுப்பாளே, அதே இழுப்பு.

“பெரியம்மா, அம்மா,” என்றது குழந்தை. அதன் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டாள்.

அவன் தொட்டியை நோக்கி நடந்தான். போகப் பிடிக்காதவன் நடை. யாரோ பிடரியைப் பிடித்துத் தள்ளுவதுபோல் ஒவ்வோர் அடியும். முழங்கால் மடங்கியது. கைகள் விளிம்பைப் பிடித்தன. முகம் இறங்கியது.

தண்ணீர் மூடியது.

அவன் கால்கள் நீந்தின. சிமெண்ட் தரையில், ஒழுங்காக, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலவே, மேலும் கீழும். செருப்பு ஒன்று கழன்று ஓடியது. தவளைகள் அவன் முதுகில் ஏறின. காதோரம் இறங்கின. தண்ணீருக்குள், அவன் வாய் இருந்த இடத்துக்கு, வரிசையாக.

நாலு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம். தலைமுடியைப் பிடித்து இழுத்துவிடலாம். அவள் நகரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சப்புக்கொட்டியது. முட்டட்டும். நல்லா முட்டட்டும்.

கால்கள் நின்றன.

கொல்லையில் சத்தமே இல்லை. தொட்டியில் ஒரு தவளைகூட இல்லை.

அவள் மூச்சை விட்டாள். முடிந்தது என்று நினைத்தாள்.

அவன் எழுந்தான்.

முகத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, நிதானமாக வந்து, கொல்லைப்படியில் உட்கார்ந்தான். தாடைக்குக் கீழே தொண்டை உப்பியது. அடங்கியது. உப்பியது. குழந்தை அவள் இடுப்பிலிருந்து நழுவியது. பிடித்தாள். வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. ஓடிப்போய் அவன் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து அவன் வயிற்றில் காதை வைத்தது.

“உள்ள இருக்காங்க,” என்று சிரித்தது.

ஈரக் கைகள் உயர்ந்தன. சிக்கைப் பிரித்தன. வலிக்காமல், நுனியிலிருந்து மேலே. மூன்றாக வகிர்ந்து பின்னத் தொடங்கின. குழந்தை கண்ணை மூடிக்கொண்டது. அவன் கண்கள் மட்டும் அவனுடையவையாகவே இருந்தன. விரியத் திறந்து, நீர் வழிய, அவளையே பார்த்தன. காப்பாத்துங்கக்கா. காப்பாத்துங்க. அந்தக் கண்களுக்குக் கீழே உதடுகள் அமைதியாகப் புன்னகைத்தன.

பின்னல் முடிந்தது. கை குழந்தையின் கன்னத்தைத் தடவிவிட்டு, மெல்ல இறங்கி, படியில் தன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைத் தட்டியது.

உதடுகள் பிரிந்தன. பற்களுக்குப் பின்னால், நாக்கு இருக்கவேண்டிய இடத்தில், நெருக்கியடித்துக்கொண்டு, பொன் விளிம்பிட்ட சின்னக் கண்கள்.

“வந்து உக்காருக்கா,” என்றாள் தங்கை. “நீ மீதியச் சொல்லவே இல்லையே.”