பொறுத்தல் நீக்கப்பட்டது

தூத்துக்குடியில் அப்போது யாரும் எந்தப் பொத்தானையும் தொடுவதில்லை. கழுத்தைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று கிடக்கும். எண்ணவளை என்று பெயர். திற என்று நினைத்தால் கதவு திறக்கும். அடுப்பு, ஸ்கூட்டர், துறைமுகத்துப் பாரந்தூக்கி எல்லாம் அப்படித்தான். ஒரு காலத்தில் மனிதர்கள் இருட்டில் சுவிட்சைத் தடவித் தேடினார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இதில் ஒரு கூத்து உண்டு. இத்தனை நவீனமான வளைக்குள் ஓடிக்கொண்டிருந்தது போன நூற்றாண்டு வீடியோ கேம் ஒன்றின் எஞ்சின், அதாவது ஆட்டத்தை ஓட்டுகிற நிரல். குட்டி மனிதன் ஓடுவான், பள்ளம் வந்தால் குதிப்பான், அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் ஆடுகிறவன் என்ன கேட்கிறான் என்பதைக் கணினியின் ஒவ்வொரு துடிப்புக்கும் எட்டிப்பார்த்து நிறைவேற்றுவதில் அந்த எஞ்சினை அடிக்க ஆளில்லை. வளை செய்த கம்பெனி அதை அப்படியே தூக்கி உள்ளே போட்டது. பிறகு வந்தவர்கள் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டார்கள்.

அந்த ஒட்டுகளைப் பிரித்துச் சீர்செய்வது ஜெசிந்தாவின் வேலை. சுத்தம் என்றால் அவளுக்குப் பைத்தியம். வீட்டில் பழைய டப்பா ஒன்றை விட்டுவைக்கமாட்டாள்; ஆபீசிலும் அதே கதைதான். பழைய எஞ்சினுக்கு ஏழெட்டு இடத்தில் நகல் கிடந்தது. குப்பை என்று எல்லாவற்றையும் அழித்து, ஒன்றை மட்டும் தன் பொறுப்பில் பூட்டிவைத்தாள். அதைத் திறக்க அவளைத் தவிர வேறு யாருக்கும் அனுமதி கிடையாது.

உள்ளீட்டுப் பகுதியைப் பிரித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. ‘பொறு’ என்று ஒரு சின்னத் துண்டு. ஆடுகிறவன் ஒன்றைக் கேட்டால் உடனே செய்யாமல் சில துடிப்பு சும்மா நிற்கும். கண்ணை மூடித் திறக்கிற நேரம்கூட இருக்காது. பழைய கேம்களில் இப்படி நிறைய உண்டு. கணினிகள் வேகமாகிப்போனதும் குட்டி மனிதன் தலைதெறிக்க ஓடுவான். அவனை இழுத்துப் பிடிக்க வெட்டியாக எண்ணிக்கொண்டே நிற்கும்படி எழுதிவைப்பார்கள். இதுவும் அந்த ரகம்தான் என்று ஜெசிந்தா முடிவுகட்டினாள். அந்தத் தொழிலில் இருக்கிற யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ‘பொறு’வை எடுத்துவிட்டாள்.

சரிபார்க்காமல் விடவில்லை. இந்த வகை எஞ்சினைச் சோதிக்க ஒரு வழக்கம் உண்டு. முன்பு ஆடியவர்களின் ஆட்டப் பதிவுகளைப் புது எஞ்சினில் மறுபடி ஓட்டுவார்கள். குட்டி மனிதன் குதித்த இடத்திலேயே குதித்து, விழுந்த இடத்திலேயே விழுந்தால் வேலை சுத்தம். ஆயிரக்கணக்கான பதிவுகளை ஓட்டினாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. மேலாளர் வைகுண்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாருக்கும் மக்ரூன் வாங்கிக் கொடுத்தார்.

புது எஞ்சின் எல்லாக் கழுத்துக்கும் போய்ச் சேர்ந்தது. முதல் நாள் ஊரே மெச்சியது. கதவுக்கு மனசு தெரிகிறது என்றார்கள். மறுநாள் வைகுண்டத்தின் ராஜினாமா முதலாளிக்குப் போயிருந்தது. நினைத்தது நிஜம், அனுப்பவில்லை என்று மனுஷன் சத்தியம் செய்தார். கல்யாணம் பேசிக்கொண்டிருந்த ஒரு வீட்டிலிருந்து சம்பந்தி வீட்டுக்கு, நாக்கில் வைத்து விழுங்கவேண்டிய சொல்லெல்லாம் செய்தியாகப் போய்விட்டது. பாலத்தில் ஒரு ஸ்கூட்டர் காரணமே இல்லாமல் கைப்பிடிச் சுவர் பக்கம் திரும்பியது. ஓட்டியவள் பிழைத்துக்கொண்டாள், ஆனால் அதைப் பற்றி யாரிடமும் பேச மறுத்தாள். செய்தி ஒவ்வொன்றாக ஜெசிந்தாவின் காதுக்கு வந்தது. இருந்தாலும் பதிவுகள் பொருந்தினவே என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

அந்த வாரம்தான் லூர்துவைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

லூர்து அவள் தம்பி. பெற்றோர் போனபிறகு இவள் ஆளாக்கிய பிள்ளை. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டினான். கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். வந்த வேகத்தில் இறங்கியும் விடும். கூட வேலைபார்த்த செல்வினோடு அவனுக்குத் தினம் தகராறு. இன்றைக்கு அவன் தலையில் பெட்டியைப் போடுகிறேனா இல்லையா பார் என்று காலையில் கத்துவான். பதினோரு மணிக்கு இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் வடை தின்பார்கள். அன்றைக்குக் கீழே நின்று செல்வின் ஏதோ கிண்டல் செய்திருக்கிறான். தொங்கிக்கொண்டிருந்த சரக்குப்பெட்டி அவன்மேல் விழுந்தது. செல்வின் அங்கேயே இறந்தான்.

வளையில் பதிவாகும் எண்ணத்தை நீதிமன்றம் மனிதனின் சொந்த வாக்குமூலமாகவே எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ‘விடு’ என்று லூர்துவின் பதிவில் பளிச்சென்று இருந்தது. கொலைவழக்கு. காவல்நிலையத்தில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் அழக்கூடச் செய்யாமல் உட்கார்ந்திருந்தான்.

“நெனச்சது நெசந்தான்க்கா,” என்றான். “போட்டுருவோமான்னு ஒரு நெனப்பு வந்துச்சு. சீ, என்னல இதுன்னு அடுத்த நெனப்பும் வந்துச்சு. எப்பவும் அப்டித்தான் வரும். இந்த வாட்டி ரெண்டாவது வாரதுக்குள்ள பெட்டி எறங்கிட்டு.”

‘ரெண்டாவது வாரதுக்குள்ள’ என்றது ஜெசிந்தாவின் காதிலேயே நின்றது. நேரே ஆபீசுக்குத் திரும்பினாள். கண்காட்சி அலமாரியில் அந்தப் பழைய கேம் அதன் பொத்தான்களோடு கிடந்தது. தூசி தட்டி எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக விரலால் ஆடினாள். பள்ளத்தின் விளிம்பில் ‘குதி’யை அழுத்தினாள்; பயம் வந்து சட்டென்று விரலை எடுத்தாள். குட்டி மனிதன் குதிக்கவில்லை. மறுபடி அப்படியே செய்து பார்த்தாள். அவன் விளிம்பிலேயே நின்றான்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ‘பொறு’ வேகத்தை மட்டுப்படுத்த வந்ததே இல்லை. ஆடுகிறவன் மனம் மாற இடம் விட்டிருந்தார் எழுதியவர். அதே இடத்தில்தான் இத்தனை வருஷமாக ஊர்மக்கள் தங்கள் முதல் நினைப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்கள். பழைய ஆட்டப் பதிவுகளில் குதித்த குதிப்புகள் மட்டும்தான் இருந்தன. குதிக்க நினைத்து விட்டுவிட்டதை எந்தப் பதிவும் எழுதிவைக்கவில்லை. அதனால்தான் சோதனையில் எல்லாம் பொருந்தியது.

வக்கீலுக்கு விஷயத்தைச் சொன்னாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய எஞ்சினை முத்திரை கெடாமல் நீதிபதி முன் ஓட்டிக்காட்டினால் போதும், தம்பி வெளியே வந்துவிடுவான் என்றார். அலமாரியில் கிடக்கிற கேம் வளைக்குள் ஓடியது அல்ல, அது சாட்சியாகாது; புதிதாக ஒன்றை எழுதிக் கொண்டுவந்தால் தம்பிக்காக ஜோடித்தது என்பார்கள், செல்லாது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “ஆனா ஒண்ணும்மா, ‘பொறு’வ எடுத்தது யாருன்னு கேப்பாங்க. நீங்கதான் சொல்லணும்,” என்றார்.

சொல்கிறேன் என்றாள். உண்மையாகவே சொல்லத்தான் நினைத்தாள். வேலை போகட்டும், ஜெயிலுக்கே போனாலும் போகட்டும், லூர்து வந்தால் போதும்.

நல்ல பகல். வைகுண்டமும் பக்கத்தில் வந்து நின்றார். ஜெசிந்தா, நகலைப் பூட்டிவைத்திருந்த பெட்டகத்தின் திரைமுன் உட்கார்ந்தாள். அந்த ஆபீசில் விசைப்பலகை என்று ஒன்று இல்லாமல் போய் வெகுகாலம், எல்லாமே வளைதான். பூட்டு அவளை அடையாளம் கண்டு திறந்தது. பழைய நகலை மீட்பதா, நிரந்தரமாக அழிப்பதா என்று திரை கேட்டது.

மீட்பதற்குத்தான் வந்திருந்தாள். அழிப்பதா என்ற சொல்லைப் பார்த்ததும் ஒரு நினைப்பு ஓடியது. இது மட்டும் இல்லாமல் போனால் நான் செய்தது யாருக்கும் தெரியாது.

சீ, என்று அடுத்த நினைப்பு வந்தது. லூர்துவின் முகம் வந்தது. மீட்டுக்கொடு, மீட்டுக்கொடு என்று மனசுக்குள் கதறினாள்.

பெட்டகம் காலியாக இருந்தது. வைகுண்டம் திரையைக் குனிந்து பார்த்தார்.

“என்னம்மா செஞ்ச?” என்றார்.

“நான் செய்யல சார்,” என்றாள் ஜெசிந்தா.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. திரையின் அடியில் வந்திருந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய நகல் உரிமையாளரின் விருப்பப்படி அழிக்கப்பட்டது, தயக்கம் எதுவும் பதிவாகவில்லை என்று அதில் இருந்தது.